கழுத்தருகே ஒரு கோடு

ஜனவரி 11, வியாழன்

காலை எட்டு மணிக்கே மோகனரங்கம் அண்ணன் வந்து நின்றார். கோத்தகிரியிலிருந்து நேராக இறங்கி வந்திருக்கிறார். கோயமுத்தூர் வெயிலில் ஸ்வெட்டரைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை. சட்டைப் பையிலிருந்து மெமரி கார்டை எடுத்து, கோயில் திருநீறு மாதிரி இரண்டு கையாலும் நீட்டினார்.

"அம்மிணி, கிடைச்சிருச்சுங்க" என்றார். 

பன்னிரண்டு வருடமாக ஒரு கருஞ்சிறுத்தைக்காக எஸ்டேட் எஸ்டேட்டாக உட்கார்ந்திருந்த மனுஷன். நேற்று விடியலில் தேவமலை எஸ்டேட்டில் உறைபனி மூடிய தேயிலைச் செடிகளுக்கு நடுவே அது நின்று, தலையைத் திருப்பி இவரைப் பார்த்திருக்கிறது. மூன்றே மூன்று படம். அவ்வளவுதான், போய்விட்டது. பெண் சிறுத்தை. இடது காதில் ஒரு சிறு வெட்டு.

வலது கண்ணில் புரை எடுத்து ஒன்றரை மாதம்தான் ஆகிறது அவருக்கு. கேமரா திரையில் எல்லாம் மங்கலாகத் தெரிகிறதாம். "நல்லா இருக்குதுங்களா? நீங்கதான் என் கண்ணு" என்றார் மூன்று தடவை. நல்லா இருக்கிறதா என்றால் என்ன சொல்ல. இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் எடுத்த படத்தைக் காகிதத்தில் ஏற்றிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. இப்படி ஒரு கறுப்பு என் மேஜைக்கு வந்ததில்லை. வெள்ளைப் பனி, அதற்கு நடுவே கறுப்பு, அந்தக் கறுப்புக்குள் இன்னும் ஒரு கறுப்பு.  

மூன்றில் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். மற்ற இரண்டைவிட அதில் வேலை குறைவு.

தூசி துடைக்க மட்டும் நாலு மணி நேரம். நூற்றுப் பதினெட்டுப் புள்ளி. கழுத்தில் முடி மாதிரி ஒரு கோடு, அதையும் எடுத்தாயிற்று. போனில் அவரிடம் கேட்டேன். துடைச்சிருங்க என்றார்.

கேஸ் புக் பண்ண மறந்தேன்.


ஜனவரி 13, சனி

முதல் பிரிண்ட் வந்தது. பருத்திக் காகிதம், பளபளப்பு இல்லாதது. சிறுத்தையின் உடம்பு காகிதத்தில் மை மாதிரி இல்லாமல் மயிர் மாதிரி இருக்கிறது. என் வேலையைப் பார்த்து நானே உட்கார்ந்துவிட்டது இதுதான் முதல் தடவை.

ஏழு பிரிண்ட்தான் போடுவது என்று முடிவு. எட்டாவது எந்தக் காலத்திலும் கிடையாது. ஒவ்வொன்றிலும் அண்ணன் எண் போட்டுக் கையெழுத்திடுவார். கீழ் மூலையில் என் முத்திரையை மையில்லாமல் அழுத்திப் பதிப்பேன். விரலால் தடவினால்தான் தெரியும். கூடவே ஒரு சான்றிதழ், இருவர் கையெழுத்தோடு. "தூசி தவிர வேறெதுவும் நீக்கப்படவில்லை. எதுவும் சேர்க்கப்படவில்லை." வாங்குகிறவர்கள் படத்தைவிட இந்தக் காகிதத்தைத்தான் பத்திரமாக வைக்கிறார்கள்.

முதல் பிரிண்ட் டாக்டர் வெங்கிடபதிக்கு. அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் செய்தவர் அவர்தான். காட்டுயிர்ப் படங்களாகவே நாற்பதுக்கு மேல் சேர்த்து வைத்திருக்கிறார். கையுறை போட்டுக்கொண்டு வாங்கி, லென்ஸைக் கண்ணில் வைத்துப் பத்து நிமிடம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்து, "இது உங்க படமும்தாம்மா" என்றார். நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கவில்லை, வாசலுக்குச் சாணி கரைக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை.


பிப்ரவரி 20, செவ்வாய்

ஏழில் ஐந்து போயிற்று. வாசல் குழாயில் தண்ணீர் வரவில்லை.


ஜூலை 6, சனி

அண்ணனுக்குச் சென்னையில் தனிக் கண்காட்சி. அறுபத்து மூன்று வயதில் முதல் தடவை. ஜூலை இருபது திறப்பு. வாசலில் நுழைந்ததும் சிறுத்தை நிற்க வேண்டுமாம், ஐந்தடி அகலத்தில். விற்பனைக்கு இல்லை. காட்சி முடிந்ததும் கிழித்துவிட வேண்டும். அதனால் ஏழு என்ற கணக்கு கெடாது.

போனில் குழந்தை மாதிரிப் பேசினார். "வேட்டி கட்டுறதா பேன்ட்டு போடுறதான்னு சொல்லுங்க அம்மிணி." நீங்கள் என்ன கட்டினாலும் யாரும் உங்களைப் பார்க்கப் போவதில்லை, அவளைத்தான் பார்ப்பார்கள் என்றேன். சிரித்தார்.


ஜூலை 8, திங்கள்

ஐந்தடிக்குப் பழைய ஃபைல் போதாது. சின்னதில் அழகாக இருந்த இருட்டு பெரியதில் தார் பூசியது போல அடைத்துக்கொள்கிறது. மூலப் படத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். காகிதமும் மாற்றம், இது இருட்டைத் திறந்து காட்டும்.

ஜனவரியில் தூசி துடைத்தது மட்டும் படத்துக்கு மேலே தனி அடுக்காக, லேயராக, இருக்கிறது. அதை ஒரு நிமிடம் அணைத்துப் பார்த்தேன். நூற்றுப் பதினெட்டுப் புள்ளியும் திரும்பி வந்தன. கழுத்துக் கோடும் வந்தது. ஜனவரியில் மானிட்டரில் முடியளவு இருந்தது. இன்று பெரிதாக்கியதில் நூல் அளவு. வலது காதுக்குக் கீழே தொடங்கி, கழுத்தைச் சுற்றி வளைந்து, தொண்டைப் பக்கம் மறைகிறது. ஒரு இடத்தில் வெளிச்சம் பட்டு மின்னுகிறது.

புல்லாக இருக்கலாம். பனி பட்ட புல் மின்னும்.

லேயரைப் போட்டேன். கோடு போய்விட்டது. வேலையைத் தொடர்ந்தேன். மழைக்காற்றில் அறை ஈரம் ஏறிக் காகிதம் சுருள்கிறது. ஈரம் உறிஞ்சும் மெஷின் வேறு மக்கர்.


ஜூலை 9, செவ்வாய்

பேப்பரில் ஒரு துண்டுச் செய்தி. கோத்தகிரி அருகே தேவமலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் பெண்கள் பட்டப்பகலில் கருஞ்சிறுத்தையைப் பார்த்திருக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டியருகே வெகுநேரம் நின்றதாம். மனிதர்களைக் கண்டும் ஓடவில்லையாம். எலும்பும் தோலுமாக இருந்தது, ஆள் இருமுவதுபோல இருமியது என்று ஒரு பெண் சொல்லியிருக்கிறார்.

தேவமலையில் ஒரே ஒரு கருஞ்சிறுத்தைதான் இருக்கிறதென்று யார் சொன்னது.

வெட்டி எடுத்து இந்த நோட்டில் வைத்தேன். பிறகு எடுத்து மேஜை டிராயரில் போட்டேன்.


ஜூலை 10, புதன்

பிரிண்டர் ஹெட் சுத்தம் செய்தேன். இரண்டு தடவை.


ஜூலை 11, வியாழன்

டாக்டர் வெங்கிடபதி வந்தார், பெரிய பிரிண்ட்டின் சோதனைத் துண்டைப் பார்க்க. கேட்காமல் வந்து நிற்பது அவர் வழக்கம். வழக்கமாகச் சந்தோஷப்படுவேன்.

துண்டில் தலையும் கழுத்தும் மட்டும். லென்ஸை வைத்துக் குனிந்தார். நான் போய்க் காபி போட்டேன். திரும்பி வந்தபோதும் அப்படியே இருந்தார்.

"ஏம்மா, ஒரு சந்தேகம். ஆறு மாசமா எங்க வீட்டு ஹால்ல இதைத் தினம் பாக்கறேன். கழுத்துல மயிரு ரெண்டா பிரிஞ்சிருக்கு பாருங்க. தலை வகிடு எடுத்தாப்பல. சுத்திப் போகுது."

கோட்டைத்தான் எடுத்திருந்தேன். கோடு அழுத்தியிருந்த மயிரை எடுக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பது எனக்கே தெரியாது.

"படுத்து எந்திரிச்சிருக்கும் டாக்டர். மயிர் மடங்கியிருக்கும்."

"கழுத்தைச் சுத்தியா?"

"பனியில நனைஞ்சிருக்குமில்லைங்களா."

அவர் என்னைப் பார்த்தார். கண் டாக்டர் பார்ப்பதற்கும் மற்றவர் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. காபியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டே போனார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. படம் பிடித்தால் மாட்டி வைத்துப் பார்க்க வேண்டியதுதானே. மயிர் எண்ணவா கொடுத்தேன்?


ஜூலை 12, வெள்ளி

மற்ற இரண்டு படங்களும் என்னிடம் இல்லை என்றே நினைத்திருந்தேன். நீல ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. அண்ணன் கார்டை அழித்துவிட்டு மறுபடி உபயோகிக்கிறவர். அவரிடம் எதுவும் இருக்காது.

திறந்தேன். மூன்றையும் பார்த்தேன். மூடிவிட்டேன்.

மிளகாய்த்தூள் அரைக்கக் கொடுத்து வாங்கினேன். கண்ணாடிக்காரன் சட்டம் தயார் என்றான். திங்கட்கிழமை சென்னைக்கு லாரி.


ஜூலை 13, சனி

இன்னொரு செய்தி. எஸ்டேட்டில் அந்தப் பக்கம் கொழுந்து பறிப்பதை நிறுத்தியிருக்கிறார்கள். தொட்டியில் வாய் வைக்கிறது, குடித்தது வழிகிறது என்று வாட்ச்மேன் சொன்னாராம். வனத்துறை வயது முதிர்வு என்று கருதுகிறதாம். அவளுக்கு வயதாகவில்லை. பல்லைப் பார்த்தாலே தெரியும், ஐந்தடிப் படத்தில் பல் தெரிகிறது. எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

அண்ணனை இரண்டு தடவை அழைத்து, மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டேன். அவர் என்ன சொல்வாரென்று தெரியும். காட்சி முடியட்டும் அம்மிணி, இத்தனை வருஷம் கழிச்சுக் கிடைச்சது என்பார். ஐந்து பேருக்குச் சான்றிதழ் கொடுத்தாயிற்று, சந்தி சிரித்துவிடும் என்பார். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஒரு வாரம்தானே. ஆறு மாதம் தாங்கியது ஒரு வாரம் தாங்காதா.

நாளை காட்சிப் பிரிண்ட்டின் சான்றிதழில் கையெழுத்துப் போட வருகிறார்.


ஜூலை 14, ஞாயிறு

புது வேட்டி கட்டி வந்திருந்தார். காட்டுவதற்காகத்தான் கட்டினேன், பிடிக்கவில்லை என்றால் பேன்ட் போடுகிறேன் என்றார். நெய் மைசூர்பாகு ஒரு பெட்டி.

பெரிய பிரிண்ட் சுவரில் சாய்ந்திருந்தது. முன்னால் போய் நின்று கை கூப்பினார். இப்போது கண் நன்றாகத் தெரிகிறது அவருக்கு. காது வெட்டைத் தொடாமல் காட்டினார், பல்லைக் காட்டினார், பனி உருகி மீசையில் நிற்கும் துளியைக் காட்டினார். "இத்தனையும் அன்னிக்கு எனக்குத் தெரியவே இல்லீங்க. நீங்கதான் எடுத்துக் குடுத்தீங்க."

சான்றிதழை அவர் முன்னால் வைத்தேன். பேனாவைத் திறந்துவிட்டார்.

அப்போதுதான் வாய் திறந்தேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை. "அண்ணா, ஒரு நிமிஷம் வாங்க" என்று மானிட்டர் முன்னால் உட்காரவைத்து லேயரை அணைத்தேன். டிராயரிலிருந்து அந்த இரண்டு செய்திகளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.

வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது கம்பிங்க" என்றார்.

"ஆமாங்ண்ணா."

"பன்னிக்கு வெக்கிற சுருக்கு. பைக் கிளட்ச்சு வயரு. அறுத்துக்கிட்டு வந்திருக்குது. அப்ப அவ என்னத் திரும்பிப் பாத்தது..." முடிக்கவில்லை.

"தூசின்னு நினைச்சுட்டேனுங்ண்ணா" என்றேன்.

"நீங்க என்ன பண்ணுவீங்க. கேட்டீங்க, நாந்தானே துடைச்சிருங்கன்னு சொன்னேன். எங்கண்ணு அப்ப அப்படி இருந்துச்சு. முன்னால நின்னு பாத்தவன் நானு. எனக்கே தெரியலியே."

நான் மறுக்கவில்லை. அவராகவே எடுத்துக்கொண்டார்.

காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். வனத்துறைக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை, யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது நம்பரில் வனச்சரகர் ரெஜினா என்ற பெண் எடுத்தார். "மேடம், அது கெழடு இல்லீங்க. கழுத்துல சுருக்கு இருக்குது. படம் இருக்குதுங்க எங்கிட்ட. நான் வந்துக்கிட்டே இருக்கேன்." இருபது நிமிடத்தில் கிளம்பிவிட்டார். புது வேட்டியோடு.

"அண்ணா, சென்னை?" என்றேன் வாசலில்.

"அது கெடக்குது போங்க."

அவர் என்ன சொல்வாரென்று எனக்குத் தெரியும் என்று நேற்று எழுதியிருக்கிறேன். மைசூர்பாகு பெட்டி அப்படியே இருக்கிறது. 


ஜூலை 15, திங்கள்

வனச்சரகர் பேசினார். சின்ன வயதுக் குரல், தூங்காத குரல். "மேடம், அந்த ஒரிஜினல் ஃபைலை அனுப்பிருங்க. எத்தனை ஃப்ரேம் இருந்தாலும் அனுப்புங்க. கம்பி எந்தப் பக்கம் முடிச்சுன்னு எங்க கால்நடை டாக்டர் பாக்கணும்கிறார்."

ஒரு படம் அனுப்பினேன். இரண்டாவது. அதில் முடிச்சு தெரியாது. வேறு ஃப்ரேம் இருக்கிறதா என்று ஒரு மணி நேரத்தில் மெசேஜ். தேடுகிறேன் என்று பதில் போட்டேன்.

லாரிக்காரனைத் திருப்பி அனுப்பினேன்.


ஜூலை 16, செவ்வாய்

கோத்தகிரியில் நல்ல மழை. கூண்டு வைத்திருக்கிறார்கள், வரவில்லை. அண்ணன் அங்கேயே எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் தங்கி, அவள் வழக்கமாகப் போகும் தடத்தை ஆட்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார். பன்னிரண்டு வருடம் படித்த தடம். மழையில் நனைந்து சளி பிடித்திருக்கிறது என்று குரலிலேயே தெரிந்தது.

"முடிச்சு தெரிஞ்சா நல்லாருக்கும்னு டாக்டரு கேட்டுக்கிட்டே இருக்காரு அம்மிணி. கெடச்சுதுங்களா?"

கிடைத்தது என்று சொன்னேன். மற்ற இரண்டையும் அனுப்பினேன். முடிச்சு தொண்டைக்கு வலப்பக்கம், மூன்றாவதில் நன்றாகத் தெரிகிறது.

அனுப்பியபின் ஒரு மணி நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற யாராவது ஒரு கேள்வி கேட்பார்கள் என்று. யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு முடிச்சுதான் வேண்டியிருந்தது.


ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. தெருவே தேங்காய் சுட்ட வாசனை. நான் அடுப்பே பற்றவைக்கவில்லை.

நாலு மணிக்கு அண்ணன்: பார்த்துவிட்டார்களாம். ஓடைப் பக்கம் லந்தானா புதரில் படுத்திருக்கிறாள். நாளை காலை மயக்க ஊசி.


ஜூலை 18, வியாழன்

காலை எட்டேகாலுக்கு ஊசி பட்டது. ஒன்பதுக்கு வெளியே எடுத்தார்கள். பத்துக்குக் கம்பியை அறுக்க ஆரம்பித்தார்கள்.

பதினொன்று நாற்பதுக்குப் போன் வந்தது. வெறும் மூச்சுச் சத்தம். பிறகு, "முடிஞ்சுதுங்க அம்மிணி."

இரண்டு குட்டி ஈன்றிருந்த அடையாளம் இருந்ததாம். குட்டிகளைத் தேடுகிறார்கள்.

 அழுதேன்.


ஜூலை 19, வெள்ளி

வாக்குமூலம் கொடுக்கக் கோத்தகிரி ரேஞ்ச் ஆபீசுக்குப் போனேன்.  

மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் உறையில் கம்பி. ஒரு முழம்கூட இல்லை. நான் நாலு சொடுக்கில் எடுத்தது.

கால்நடை டாக்டர் நான் அனுப்பிய மூன்றாவது படத்தை வைத்துத்தான் விளக்கினார். என்னிடம் கோபமெல்லாம் இல்லை. பாடம் எடுப்பதுபோலச் சொன்னார். "இந்தப் படம் எடுத்தப்ப கம்பி மயிர்மேலதான் கிடக்கு பாருங்க. தோல்கூடக் கிழியலை. அப்ப புடிச்சிருந்தா கட்டரை வெச்சுப் பத்து நிமிஷ வேலை. குட்டி போட்டு, பால் குடுத்து, திரும்ப உடம்பு தேறும்போது கழுத்து பெருக்குது. கம்பி பெருக்காதில்ல."

வனச்சரகர் ரெஜினா எனக்கு டீ வரவழைத்தார். "நீங்க பெரிய பிரிண்ட் போடும்போது கவனிச்சதாலதான் மேடம் இதாவது தெரிஞ்சுது. இல்லைன்னா வயசாகி செத்துச்சுன்னு எழுதியிருப்போம். சுருக்கு வெச்சவனைத் தேடிக்கிட்டிருக்கோம். உங்களுக்கு நன்றி சொல்லணும்."

படிவத்தில் ஒரு கேள்வி. முதன்முதலில் எப்போது பார்த்தீர்கள்? ஜூலை 8 என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அண்ணனின் படிவம் பக்கத்திலேயே இருந்தது. தலைகீழாக இருந்தாலும் படிக்க முடிந்தது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். "எனது பார்வைக் குறைபாட்டால் கம்பியை நான் கவனிக்கத் தவறினேன். அச்சிடுபவர் கேட்டபோது துடைத்துவிடச் சொன்னதும் நானே. முழுப் பொறுப்பும் என்னுடையது."

வெளியே வந்தபோது படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். அதே வேட்டி, சேறும் ரத்தமுமாக. கேமராவை ரேஞ்ச் ஆபீசிலேயே கொடுத்துவிட்டாராம், புலி கணக்கெடுக்கும் பையன்கள் வைத்துக்கொள்ளட்டும் என்று.

"இனி எடுக்கறதில்லீங்க. வந்து நின்னு காட்டுச்சு. கழுத்தத் திருப்பிக் காட்டுச்சு. எடுத்துட்டு இறங்கி வந்துட்டேன். இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு எனக்கு எதுக்குங்க கேமரா?"

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்லியிருக்கலாம். பஸ் வந்துவிட்டது.


ஜூலை 20, சனி

திறப்பு விழா இன்று இருந்திருக்க வேண்டிய நாள். ரத்து. ஆனால் போன் ஓயவில்லை. செய்தி வந்துவிட்டது, செத்துப்போன கருஞ்சிறுத்தையின் கடைசிப் படம் என்று. மீதமிருக்கும் இரண்டு பிரிண்ட்டுக்கு ஒன்பது பேர் கேட்டார்கள். கம்பி இல்லாததுதானே, கம்பி இல்லாததுதான் வேண்டும் என்றார் ஒருவர். போனை அணைத்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன்.

மாலை டாக்டர் வெங்கிடபதி வந்தார். தன் பிரிண்ட்டைச் சட்டத்திலிருந்து கழற்றி உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். மேஜையில் வைத்தார்.

"ரங்கம் வந்திருந்தாரும்மா. கண்ணைத் திரும்பச் சோதிங்கன்னார். சோதிச்சேன். நல்லாருக்கு. நல்லாருக்குன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறார், அழறார். அறுபத்து மூணு வயசு மனுஷன் என் நாற்காலியில உக்காந்து அழறார்."



"அன்னிக்கு வகிடுன்னு கேட்டேன். பனியில நனைஞ்சதுன்னு சொன்னீங்க" என்றார். "பதினொண்ணாம் தேதி கேட்டேன். எட்டாம் தேதி பாத்ததா எழுதிக் குடுத்திருக்கீங்களாம்." குரலை உயர்த்தவே இல்லை. "எனக்கு நீங்க பதில் சொல்ல வேண்டாம்மா."

போய்விட்டார். பிரிண்ட் மேஜையில் இருக்கிறது. மூலையில் என் முத்திரை, தடவினால் தெரிகிறது.


ஜூலை 21, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். நேராக எழுதத் தெரிகிறதா பார்க்கலாம்.

கேமரா சென்சாரில் தூசியோ முடியோ ஒட்டினால், எத்தனை படம் எடுத்தாலும் அது ஒரே இடத்தில் நிற்கும். மிருகம் நகரும், தூசி நகராது. இந்தத் தொழிலில் முதல் வாரம் கற்றுக்கொள்கிற விஷயம் இது. அந்தக் கோடு மூன்று படத்திலும் மூன்று இடத்தில் இருந்தது. அவள் கழுத்தைத் திருப்பத் திருப்பக் கூடவே திரும்பியது.

ஜனவரி பதினொன்றாம் தேதி காலை பத்தரை மணிக்கு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதைப் பார்த்தேன். முடி இல்லை என்று அப்போதே தெரியும். கம்பி என்று தெரியுமா? அந்த வார்த்தையை மனதுக்குள் வரவிடவில்லை. வராமல் பார்த்துக்கொண்டேன் என்றால், தெரியும் என்றுதானே அர்த்தம்.

இரண்டாவது படத்தைத் தேர்ந்தெடுத்தது வேலை குறைவு என்பதால் இல்லை. அதில்தான் கோடு மெல்லிசு.

அண்ணனிடம் கோட்டைப் பற்றி நான் கேட்கவே இல்லை. "தூசியெல்லாம் துடைச்சிரட்டுங்களாண்ணா?" என்று கேட்டேன். எந்தப் படத்துக்கும் கேட்பதுதான். துடைச்சிருங்க என்றார், எந்தப் படத்துக்கும் சொல்வதுதான். கழுத்து என்ற சொல் என் வாயிலிருந்து வரவில்லை. அன்று ராத்திரி நோட்டில் எழுதும்போதே அதை மாற்றி எழுதினேன். யார் படிக்கப் போகிறார்கள் என்று அப்படி எழுதினேனோ.

ஏன் என்றால், அந்தக் கறுப்பு. முழுசாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது, அந்த ஒரு கோடு தவிர. இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் படத்துக்கு மூலையில் கண்ணுக்குத் தெரியாமல் முத்திரை குத்திக்கொண்டிருந்தவளுக்கு, இது என் படம் என்று சொல்ல ஒன்று வேண்டியிருந்தது. டாக்டர் சொன்னார், உங்க படமும்தாம்மா என்று. ஆமாம், என்னுடையதுதான்.

மதியம் உட்கார்ந்து மூன்றையும் அச்சடித்தேன். கம்பியோடு. தூசியைக்கூட எடுக்கவில்லை. நூற்றுப் பதினெட்டுப் புள்ளியும் அப்படியே இருக்கின்றன. டாக்டரின் பிரிண்ட்டில் என் முத்திரை இருக்கும் மூலையைக் கத்தரித்து எடுத்தேன். பிரிண்ட் வாங்கிய மற்ற நாலு பேருக்கும் நடந்ததைக் கடிதமாக எழுதி ஒட்டிவிட்டேன். ஆறாவதும் ஏழாவதும் அச்சடிக்கப்படாது.

நாளை முதல் பஸ். ரேஞ்ச் ஆபீஸ் பத்து மணிக்குத்தான் திறக்கும். அதற்கு முன்னால் அண்ணன் வீடு. மூன்று படத்தையும் வரிசையாக வைத்து, கோடு நகர்வதைக் காட்ட வேண்டும். அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, பார்த்தாலே புரியும். அவர் கண் நன்றாக இருக்கிறது. பிறகு இந்த நோட்டைக் கொடுப்பேன். அவர் ஜனவரி பதினொன்றிலிருந்து படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன்.

அவர் என்ன சொல்வாரென்று எனக்குத் தெரியாது.

அங்கிருந்து நோட்டு ரேஞ்ச் ஆபீசுக்குப் போகும். திரும்பி வராது.